வரையாட்டுப் புழுக்கையில் மரபணு பார்ப்பது வீண் செலவா?

#1 தேனிக்காரன்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, கேட்டுவிடுகிறேன்.

தமிழக அரசு 2023 அக்டோபரில் வரையாட்டுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. மொத்தம் 25.14 கோடி ரூபாய். 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303 என்று செய்தி வந்தது. மாநில விலங்கு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் புழுக்கையைப் பொறுக்கி டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு பார்ப்பது எதற்கு? இந்த ஆட்டுக்கு என்ன குறை என்று மலையில் மாடு மேய்க்கிறவருக்கே தெரியும். மேயப் புல் இல்லை. புல் இருந்த இடமெல்லாம் சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன். அவற்றை வெட்டினால் புல் வரும், புல் வந்தால் ஆடு பெருகும். நடுவில் இந்த ஆராய்ச்சி என்ன செய்யப் போகிறது?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வால்பாறைவாசி

நல்ல கேள்வி அண்ணே. பதில் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1,031 போய் 1,303 வந்ததும் வாட்ஸாப் முழுக்க "ஒரே வருடத்தில் 272 ஆடு கூடிவிட்டது" என்று கொண்டாடினார்கள். இரண்டாம் முறை கூடுதல் இடங்களிலும் தேடினார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. புதிதாகப் பிறந்தது எத்தனை, முன்பே இருந்து கண்ணில் படாதது எத்தனை என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ப் பாறையில் நிற்கும் மந்தையே தெரியாது.

எங்கள் மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிற்பவற்றை எண்ணுவது மட்டும் சுலபம். டூரிஸ்ட் நீட்டும் சிப்ஸுக்குப் பழகிவிட்டன. அது வேறு வயிற்றெரிச்சல்.

#3 எச்சம்_சேகரிப்பவள்

நான் வரையாட்டில் வேலை செய்யவில்லை. வேறொரு குளம்பு விலங்கின் எச்சத்திலிருந்து மரபணு எடுப்பதுதான் என் ஆய்வு. முறை ஒன்றேதான் என்பதால் சொல்கிறேன்.

புழுக்கை குடலைக் கடந்து வரும்போது குடல்சுவர்ச் செல்கள் அதன் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியது அந்த மேல்பூச்சு மட்டும், உள்ளே இருப்பது வெறும் புல். காலையில் போட்ட ஈரமான புழுக்கையாக இருக்க வேண்டும். வெயில் பட்டால் மரபணு சிதையும், மழை பெய்தால் பூச்சே கழுவிப் போய்விடும். எத்தனாலிலோ சிலிக்கா ஜெல்லிலோ போட்டு எடுத்து வந்தாலும் கிடைப்பது துண்டு துண்டாகத்தான். கிழிந்த பேப்பரை ஒட்டிச் செய்தி படிக்கிற வேலை. ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால்தான் முடிவை நம்பலாம், ஏனென்றால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் தெரிந்து மற்றது விடுபட்டுப்போவது இதில் சகஜம். அப்புறம், அது உண்மையிலேயே வரையாட்டின் புழுக்கையா என்று பார்க்க வேண்டும். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் கடமானும் அதே புல்வெளியில்தான் மேய்கிறது.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்? எந்தெந்த ஆடு என்று தனித்தனியாக அடையாளம், ஆணா பெண்ணா, யார் யாருக்குச் சொந்தம், அந்த மந்தைக்குள் மரபுவளம் (மரபணு வேறுபாடு) எவ்வளவு மிச்சம் என்பவை. வால்பாறைவாசி சொன்ன சிக்கலுக்கும் இது ஒரு வழி. அடுத்த பருவத்தில் அதே ஆட்டின் புழுக்கை மறுபடி எத்தனை முறை கிடைக்கிறது என்று பார்த்து, கண்ணில் படாதவற்றையும் சேர்த்து மதிப்பிடலாம். ஆட்டைத் தொடவே வேண்டாம். மயக்க ஊசி போட்டு ரேடியோ பட்டை மாட்டுவதில் எப்போதும் ஆபத்து உண்டு, அதுவும் செங்குத்துப் பாறையில் வாழும் விலங்குக்கு.

தேனிக்காரன் அண்ணாவின் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான். "புல் வந்தால் ஆடு வரும்" என்கிறீர்கள். எங்கிருந்து வரும்? நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டரில் இந்த ஆடு திட்டுத்திட்டாக இருக்கிறது. ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவில் தேயிலை, அணை, ஊர். மந்தை அழிந்துபோன மலைக்கு, புல் வந்துவிட்டது என்பதற்காக ஆடு பள்ளத்தாக்கு இறங்கி ஏறி வராது. யாராவது கொண்டுபோய் விட வேண்டும். திட்டத்திலேயே பழைய வாழிடங்களில் மறுபடி குடியமர்த்தும் யோசனை இருக்கிறது. எந்த மலையின் ஆட்டை எந்த மலையில் விடுவது? இதற்கு மரபணு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

#4 தேனிக்காரன்

எல்லாம் ஒரே ஆடுதானே அம்மா? கேரளத்து மூணாறு பக்கம் இரவிகுளத்தில் இருப்பதும் முக்கூர்த்தியில் இருப்பதும் என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. கூட்டம் பிரிந்திருந்தால் சாலையும் ரயிலும் போட்டுப் பிரித்தது நாமாகத்தான் இருக்கும். எனவே சேர்த்துவிடுவதும் நம் கடமை.

#5 எச்சம்_சேகரிப்பவள்

சாலை பிரித்த இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பிளவு நாம் போட்டதில்லை, பாலக்காட்டுக் கணவாய் போட்டது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போனவர்களுக்குத் தெரியும், மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறத்தாழ 30–40 கிலோமீட்டருக்குக் காணாமல் போய்விடும். 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் வாழும் ஒன்று அந்த வெக்கையான சமவெளியைக் கடக்காது. 2018இல் வெளியான ஆய்வு, கணவாய்க்கு வடக்கே இருக்கும் வரையாடுகளும் தெற்கே இருப்பவையும் மரபணுவில் பிரிந்த இரண்டு கூட்டங்கள் என்று காட்டியது. இதில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தாரும் இருந்தார்கள்.

சோலைக்கிளி என்ற சின்னப் பறவையில் இது இன்னும் அழுத்தம். 2017இல் வந்த ஆய்வில் நீலகிரியில் ஓர் இனம், ஆனைமலை–பழனிமலையில் ஓர் இனம், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவதாகப் புது இனம் என்று பிரித்தார்கள். சோலிகோலா என்று புதுப் பேரினமே வைத்தார்கள், நம் சோலையின் பெயரால். சிரிப்பான் பறவைகளிலும் இப்படித்தான். இந்தப் பிரிவெல்லாம் பல லட்சம் ஆண்டுப் பழையது, ரயில் வந்தது நேற்று.

"பறவைக்கும் ஆட்டுக்கும் சரி, நடையாய் நடக்கும் விலங்குக்கு என்ன?" என்று கேட்டால் யானை இருக்கிறது. 2005இல் தென்னிந்திய யானைகளின் லத்தியை வைத்துச் செய்த ஆய்வு. நீலகிரி–கிழக்குத் தொடர்ச்சி மலை யானைகள் உலகத்திலேயே பெரிய ஆசிய யானைக் கூட்டம். சுமார் 15,000 சதுர கிலோமீட்டருக்குள் அவற்றில் தாய்வழி மரபணு வகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்ணிக்கையில் சின்னதான ஆனைமலை, பெரியாறு யானைகளில் மரபுவளம் கூடுதல். அந்த இரண்டுக்கும் நடுவில் வேறுபாடில்லை, நீலகிரியிலிருந்து மட்டும் அவை தெளிவாக வேறு. நடுவில் இருப்பது நாற்பது கிலோமீட்டர் சமவெளி, அவ்வளவுதான். தலையை எண்ணி மட்டும் பார்த்திருந்தால் நீலகிரிதான் எல்லா வகையிலும் வளமான இடம் என்று எழுதி மூடியிருப்பார்கள்.

#6 ஃபுளோரிடா_சிவா

இங்கே ஃபுளோரிடாவில் இதே கதை நடந்து முடிந்திருக்கிறது. பூமா (மலைச்சிங்கம்) 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்று வந்து நின்றது. உறவுக்குள்ளேயே கூடி, வால் நுனி வளைந்தது, இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விதை இறங்காத குறை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. அவ்வளவுதான், அடுத்த தலைமுறையில் அந்தக் குறைகள் குறைந்து எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இப்போது அவற்றை அதிகம் கொல்வது கார்கள்.

ஆகவே வடக்கு, தெற்கு என்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஆடு போய்விடும். கலந்து விடுங்கள்.

#7 குந்தா_ராஜ்

அதேதான். இரவிகுளத்தில்தான் உலகத்திலேயே அதிக வரையாடு. அங்கிருந்து ஐம்பதை நீலகிரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மாநிலமும் பேசினால் போதும். கேரளக்காரர்கள் தருவார்களா என்பதுதான் கேள்வி, ஏற்கெனவே அணையில்…

#8 மட்டுறுத்துநர்

அணை வேண்டாம் ராஜ். வேறு இழை இருக்கிறது.

#9 பாறை_உச்சி

சிவா, ஃபுளோரிடாவைச் சொன்னீர்கள், எதிர்க்கதையையும் சொல்லுங்கள். ஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலையில் ஐபெக்ஸ் என்ற மலையாடு அழிந்துபோய், ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பிழைத்துக்கொண்டது. அதோடு நிறுத்தாமல், கூட்டத்தைப் பெருக்குகிறோம் என்று துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வேறு மலையாடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலப்பில் பிறந்தவை சீக்கிரமே, இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே இணை சேர்ந்தன. குட்டிகள் பிப்ரவரியில், கடுங்குளிரில் பிறந்தன. மொத்தக் கூட்டமும் போய்விட்டது.

நம் ஆட்டுக்கும் பருவம் கறாரானது. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். அதற்காகத்தான் இரவிகுளத்தின் ராஜமலையை அந்தச் சமயத்தில் சுற்றுலாவுக்கு மூடுகிறார்கள். நீலகிரிக்கு வடகிழக்குப் பருவமழை வருவதும் இரவிகுளத்துக்கு வருவதும் ஒரே அளவில்லை. இரண்டு பக்க ஆடுகளின் உடம்புக்குள் அந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஐம்பது ஆட்டை லாரியில் ஏற்றக் கூடாது.

#10 ஃபுளோரிடா_சிவா

அது சரியான ஒப்பீடு இல்லை. துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வந்தவை வேறு இனங்கள். பாலக்காட்டின் இரண்டு பக்கமும் ஒரே இனம்.

#11 எச்சம்_சேகரிப்பவள்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை. சிவா சொல்வதுபோல டாட்ரா ஒரு முரட்டு உதாரணம். ஆனால் ஃபுளோரிடாவும் நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே குறை கண்ணுக்குத் தெரிந்தது, கூட்டம் சாகும் தறுவாயில் இருந்தது, டெக்சாஸ் பூமாவுக்கும் அதற்கும் நூறு, நூற்றைம்பது வருடம் முன்புவரை போக்குவரத்து இருந்தது. கணவாயின் இரண்டு பக்க ஆடுகளுக்கு நடுவில் அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. முக்கூர்த்தி ஆடுகளில் உறவுக்குள் கூடியதால் வந்த குறை என்று உறுதியாகத் தெரியும்வரை வெளி ரத்தம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம், 300 ஆடு இருக்கிறது என்றால் 300ம் அடுத்த தலைமுறைக்குப் பங்களிப்பதாக நினைக்க வேண்டாம். முதுகில் வெள்ளி விழுந்த நாலைந்து பெரிய கடாக்கள்தான் பெரும்பாலான குட்டிகளுக்கு அப்பன். மரபியல் கணக்கில் அந்த 300 எங்கேயோ கீழே இறங்கிவிடும். ஆல்ப்ஸ் ஐபெக்ஸ் வேட்டையில் சுமார் நூறாகக் குறைந்து இத்தாலியின் கிரான் பாரடைசோவில் மட்டும் மிஞ்சியது. இன்று ஐம்பதாயிரம் அளவில் இருக்கிறது. வெற்றிதான். ஆனால் அத்தனையும் அந்த நூறின் வாரிசு, தீங்கான மாற்றங்களையும் கூடவே சுமந்துகொண்டு திரிகிறது.

அப்புறம் தேனிக்காரன் அண்ணா, எல்லாம் ஒரே ஆடு என்றீர்களே, இது ஆடே இல்லை என்று ஒரு பெரிய சண்டை நடந்தது தெரியுமா? முன்பு இமயமலைத் தார் (tahr) என்ற மலையாட்டுடன் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு பார்த்தபோது இது செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

#12 புல்தரை

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். புல் நடுகிற கோஷ்டி. #1ஐப் படித்ததும் நம்ம ஆள் என்று நினைத்தேன், ஆனால் "மரத்தை வெட்டினால் புல் வரும்" என்ற வரியில்தான் தடுக்கி விழுந்தேன்.

வராது அண்ணே. பெரும்பாலும் வராது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு காத்துக் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கம்பளி விரித்த மாதிரி முளைப்பது சீகைக் கன்றுதான். நீலகிரிப் பக்கம் ஸ்காட்ச் புரூம் என்ற வெளிநாட்டுப் புதர் வேறு. வெட்டுவது ஒரு நாள் கூத்து, அதற்குப் பிறகு வருடாவருடம் பிடுங்க வேண்டும், அதற்குத்தான் யாரும் காசு ஒதுக்குவதில்லை. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். மிச்சம் இருப்பது செங்குத்துச் சரிவும் பாறை விளிம்பும். அவை தப்பியதே மரம் நட வசதிப்படாததால்தான்.

புல்லிலும் இதே கேள்வி வருகிறது. நாற்றங்காலுக்கு விதை எங்கே எடுப்பது? நாங்கள் ஒரே சரிவில் விளைந்ததை அள்ளிவந்து மலை முழுக்க நட்டால், பார்க்கப் பச்சையாக இருக்கும், மரபணுவில் நாலு புல்லின் பிள்ளைகளாக இருக்கும். ஒரு வறட்சியோ பூஞ்சையோ வந்தால் மொத்தமாகப் போகும். ஆகவே பல சரிவுகளில், பல தூர்களில், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் என்று எடுக்கிறோம். எங்களிடம் ஆய்வகம் இல்லை, இது குத்துமதிப்புதான். யாராவது இந்த மலைப் புற்களை வரிசையாக மரபணு பார்த்துக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். ஆட்டுக்குக் கிடைக்கிற கவனத்தில் கால்வாசி புல்லுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். செடிகளில் எவ்வளவு மோசமாகலாம் என்பதற்குக் கொல்லத்தைப் பாருங்கள். இலுப்பையின் உறவான மதுக்கா டிப்ளோஸ்டெமன் 180 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, பரவூர் பக்கம் ஒரு கோயில் காவில் ஒரே ஒரு மரமாகக் கிடைத்தது. அதற்கு ஜோடி தேட எந்த மலைக்குப் போவது?

#13 வால்பாறைவாசி

புல்தரை சொன்னது சூப்பர். ஆட்டைக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி நான் ஒன்று. சிமிலிபால் புலிகள் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒடிசாவில் தனித்துவிடப்பட்ட சின்னக் கூட்டம், மூன்றில் ஒன்றுக்கு மேல் கறுப்பு வரி அகன்ற புலிகள். அது ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று பெங்களூரு உயிரியல் மையத்தார் 2021இல் கண்டுபிடித்தார்கள். புது ரத்தம் வேண்டும் என்று 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் ஜீனத் என்ன செய்தது? கிளம்பி ஜார்க்கண்ட் போய், மேற்கு வங்கம் போய், கடைசியில் டிசம்பரில் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆய்வகத்தில் ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கு ஊர் பிடிக்கவில்லை.

#14 தேனிக்காரன்

ஹாஹா. சரி, இப்போது புரிகிறது. ஆனாலும் என் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கையில் இருப்பது ஒரு தொகை, ஓடுவது 2027 வரை. எது முதலில்? புல்லா, புழுக்கையா?

#15 எச்சம்_சேகரிப்பவள்

புல்தான் அண்ணா. அதில் உங்களோடு சண்டையே இல்லை. புழுக்கை ஆய்வுக்கு ஆகும் செலவு, களையெடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது, அதனால் இரண்டும் போட்டியில்லை. நேரம்தான் போட்டி. ஒரு மலையைத் தேர்ந்தெடுத்துப் புல்லை மீட்டு, ஆடு தாங்குமா என்று பார்க்கப் பல வருடம் ஆகும். அந்த வருடங்களில் சுற்றியுள்ள மந்தைகளின் மரபணுவைப் பார்த்து வைத்துவிடலாம். புல் தயாராகும்போது எந்த மந்தையிலிருந்து எத்தனை பெண், எத்தனை கடா என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். முதல் பட்டியல் அதே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். தெற்கிலிருக்கும் காலி மலைக்குத் தெற்கு ஆடு, வடக்குக்கு வடக்கு. கணவாய் தாண்டுவது கடைசி வழி. பாறை_உச்சி சொன்ன பருவக் கணக்கை நேரில் போய்ப் பதிவு செய்தால்தான் அந்தக் கடைசி வழியைப் பற்றிப் பேசவே முடியும், அதை எந்த ஆய்வகக் கருவியும் சொல்லாது.

#16 பாறை_உச்சி

முதலில் அதே பக்கம் என்பதை ஏற்கிறேன். கடைசி வழி என்பதையும் திறந்து வைக்க எனக்குச் சம்மதம் இல்லை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

#17 வால்பாறைவாசி

ஒரு சின்னச் சந்தேகம். ஒன்பதாவது வளைவில் ரோட்டிலேயே புழுக்கை கிடக்கிறதே, தினமும் பைக்கில் போகிறவன் நான். பொறுக்கி அனுப்பினால் யாருக்காவது உதவுமா?

#18 எச்சம்_சேகரிப்பவள்

தயவுசெய்து வேண்டாம். வரையாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆய்வு மாதிரி எடுக்க எங்களுக்கே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கி வெயிலில் காய்ந்ததில் மரபணுவும் இருக்காது. பைக்கில் போகும்போது குட்டிகள் எந்தத் தேதியில் முதலில் கண்ணில் படுகின்றன, எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாறை_உச்சி கேட்கும் பருவக் கணக்குக்கு அது நேரடியாக உதவும். சிப்ஸ் நீட்டுகிறவர்களை அதட்டவும் செய்யலாம்.